அழுத்தி மிதித்தால் 'டக்' சத்தம். ஃப்ரீவீல் மாற்றியும் போகவில்லை

பொன்மலைவாசி:
வணக்கம். அப்பா ஓட்டிய 28 அங்குல சைக்கிளை வீட்டிலேயே பிரித்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து மறுபடி பூட்டினேன். மூன்று வாரம் ஆகிறது. இப்போது மேடு ஏறும்போது 'டக்' என்று ஒரு சத்தம். மிதிக்காமல் உருளவிட்டால் வராது. கடையில் ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் பின்சக்கரத்தை உருளவிடும் பல்சக்கரம்) போய்விட்டது என்றார்கள். புதிது போட்டும் அதே கதைதான்.

இந்தச் சைக்கிளில்தான் விடியற்காலையில் திருச்சி பொன்மலை ரயில்வே டீசல் ஷெட் பக்கம் போவேன். ஆல்கோ வகை டீசல் ரயில் எஞ்சின் சும்மா நிற்கும்போது ஒரு குதிரைநடைத் தாளம் போடுமே, அதைக் கேட்கத்தான். மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா?

மீட்டர்கேஜ்:
தம்பி, ஸ்பானரை எடுக்காதீர்கள். முதலில் எண்ணுங்கள். ஜாயின்ட் உள்ள தண்டவாளத்தில் ரயில் வேகம் பார்ப்போமே, அதே வேலைதான். ஒவ்வொரு தண்டவாளமும் 13 மீட்டர் என்றால் 47 நொடியில் எத்தனை 'டக்' விழுகிறதோ, மணிக்கு ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர் வேகம். இப்போது நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள், அந்தச் சத்தமே அரிதாகிவிட்டது.

உங்கள் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 இருக்கும். பெடல் ஒரு சுற்று வருவதற்குள் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று போய்விடும். அதனால் ஒரு மிதிச் சுற்றுக்கு இரண்டு மூன்று தடவை வந்தால் பின்சக்கரம். இரண்டரை மிதிச் சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. சுற்றுக்குச் சரியாக ஒன்று என்றால் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), பெடல், பி.பி. (கிராங்குகளை இணைக்கும் அச்சும் அதன் பால்ரஸும்) இந்த மூன்றில் ஒன்று.

பொன்மலைவாசி:
எண்ணினேன் அண்ணா. சுற்றுக்குச் சரியாக ஒன்று. இடதுகால் மேலிருந்து கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில் விழுகிறது.

பழைய ரிம்:
அப்படியென்றால் இடது காட்டர் பின்தான், அதாவது கிராங்கை அச்சோடு பிடித்துவைக்கும் ஆப்பு போன்ற ஆணி. பிரித்துப் பூட்டியபோது பழைய பின்னையே போட்டீர்களா? இரண்டு பெடலையும் தரைக்குச் சமமாக நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கையால் அழுத்திப் பாருங்கள். அச்சு அசையாமல் கிராங்க் மட்டும் ஒரு நூல் அசைந்தால் சந்தேகமே வேண்டாம்.

நட்டை முறுக்கி இறுக்கப் பார்க்காதீர்கள், மரைதான் போகும். பின்னைப் பிடிப்பது அதன் சரிவு. நட்டு அதை விழாமல் காப்பதோடு சரி. கிராங்குக்கு அடியில் தரை வரை இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக்கொடுத்து, அப்புறம் சுத்தியலால் அடித்து இறக்குங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் பால்ரஸ் வழியாக அது உட்கார்ந்திருக்கும் கப்பில் இறங்கி, கப்பில் குழி விழும். அடித்த பிறகு நட்டு கூடுதலாக அரைச்சுற்று போகும். புதுப் பின் 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை அடித்து இறுக்க வேண்டும். பலர் விடுவது அதைத்தான்.

மீட்டர்கேஜ்:
இன்னொன்று. இடது வலது பின்கள் ஒன்றுக்கொன்று எதிராக இறங்க வேண்டும். ஒரே பக்கமாகப் போட்டால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது, முழங்கால் வலிக்கும்.

பொன்மலைவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. பழைய பின்னை வெளியே எடுத்ததும் தெரிந்துவிட்டது: தட்டையான முகத்தின் நடுவில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம். புதிது வாங்கி, சரிவை அரத்தால் கொஞ்சம் தேய்த்துப் பொருத்தி, குழாய் முட்டுக்கொடுத்து அடித்தேன். இன்று காலை ஷெட் வரை ஒரு 'டக்' கூட இல்லை. அங்கே டபிள்யூ.டி.ஜி.3ஏ என்ற ஆல்கோ வகைச் சரக்கு ரயில் எஞ்சின் ஒன்று நின்றது. நாட்சை (வேகப்படியை) கூட்டியதும் டர்போ வேகம் பிடிக்கும்வரை கரும்புகை தள்ளிக்கொண்டு கிளம்பியது. 50 கிலோமீட்டர் ஆனதும் பின்னை அடித்துவிட்டு இங்கே சொல்கிறேன்.