ஆகஸ்ட் லீவில் சின்னப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்: மென்பந்தா, கடினபந்தா?

கழகக்காரன்: யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கழகம் ஆகஸ்ட் விடுமுறையில் ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பழக்கப் போகிறது. எல்லாரும் முதல்முறை துடுப்புப் பிடிப்பவர்கள். மென்பந்து என்கிற ரென்னிஸ் பந்தில் தொடங்கலாமா, கடினபந்திலா?

பழைய கீப்பர்: கடினபந்துதான். மென்பந்தில் பழகிய பெடியளைப் பிறகு பாடசாலை அணிக்கு எடுத்தால், எந்தப் பந்துக்கும் துடுப்பைக் குறுக்கேதான் வீசுகிறார்கள். ரென்னிஸ் பந்து சீமெந்துப் பிச்சில் குத்தி நெஞ்சுக்கு எழும்பும். துடுப்பை நேராகப் பிடித்து அடிக்க எப்படி வரும்? எங்கள் யாழ்ப்பாணத்துப் பெடியன் வியாஸ்காந்த் 2024இல் ஐபிஎல் வரை போய்விட்டார். நாங்கள் இன்னும் மென்பந்துச் சுற்றுப்போட்டியிலேயே நிற்கிறோம்.

கொக்குவில் அம்மா: அண்ணை, ஐபிஎல் இருக்கட்டும். ஏழு வயதுக்கு அளவான ஹெல்மெட், பாட், கையுறை எல்லாம் யார் வாங்குவது? முதல் நாள் விரலில் பட்டால் அடுத்த நாள் என்னுடையவன் வரமாட்டான்.

ஸ்கொயர் லெக்: பெரியவர்களின் பந்து 156 முதல் 163 கிராம். 13 வயதுக்குட்பட்டோருக்கே 133 முதல் 144தான். ரென்னிஸ் பந்து 60கூட வராது. அது எழும்புவது உண்மை. அதற்கு பந்தையா மாற்றுவது? சீமெந்தை விட்டுத் தரையில் நிறுத்தி, கையைக் கீழால் கொண்டுவந்து மெல்ல எறிந்து கொடுங்கள். பிச்சின் 20 மீற்றர் நீளத்தையும் 14 ஆக்குங்கள். முழு நீளத்துக்கு வீசச் சொன்னால் அந்தப் பிஞ்சுக் கை மடக்கி எறியத்தான் பழகும்.

இன்னொன்று. ஒரு கடினபந்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை அடிக்க, மற்றதெல்லாம் வெயிலில் வரிசையில் நிற்கும். அந்தக் காசுக்கு ரென்னிஸ் பந்து பல வரும். இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்து கொடுத்தால் எல்லாரும் எறிவார்கள், பிடிப்பார்கள். இந்த வயதில் வேறென்ன வேண்டும்?

பழைய கீப்பர்: கீழால் எறிந்து கொடுப்பது கிரிக்கெட்டா, கிட்டிப்புள்ளா? சோளகக் காற்றில் உங்கள் ரென்னிஸ் பந்து அடுத்த வளவுக்குப் போய்விடும்.

ஸ்கொயர் லெக்: விடிய ஆறரைக்குத் தொடங்குங்கள். வெயிலும் ஏறாது, காற்றும் குறைவு.

கொக்குவில் அம்மா: எட்டரைக்கு விட்டுவிடுங்கள், ரியூசன் இருக்கு. நல்லூர்த் தேரன்று ஒருவரும் வரமாட்டார்கள், அதையும் இப்போதே குறித்து வையுங்கள்.

பழைய கீப்பர்: சரி, சின்னதுகள் உங்களோடு. ஒன்பது வயதுக்காரரை மட்டும் என்னிடம் விடுங்கள், 133 கிராம் பந்தில் பார்ப்போம்.

கொக்குவில் அம்மா: ஹெல்மெட் வாங்கியபிறகு.