அப்பா எழுதிய சி புரோகிராமில் சிஃப்ரீ: ஃப்ரீ என்று மாற்றலாமா?

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை எங்களுடையது. ஷீட் எடை, ஒட்டுப்பால் (மரத்திலேயே உறைந்த ரப்பர் பால்), தோட்டக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் 1998இல் அப்பா சி மொழியில் எழுதிய புரோகிராமில்தான் ஏறுகிறது. முதலில் எஸ்சிஓ யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தில் எழுதி, பிறகு லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். அப்பா இப்போது இல்லை. போன மாதம் இடி விழுந்து பழைய 32 பிட் கம்ப்யூட்டர் போய்விட்டது. ஹார்டு டிஸ்க் தப்பியது. புதிதாக உபுண்டு 22.04 போட்டுக் கம்பைல் செய்தால், சிஃப்ரீயை (cfree, எடுத்த நினைவகத்தைத் திருப்பி விடும் ஃபங்ஷன்) காணோம் என்று, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் நின்றுவிடுகிறது. 41 இடத்தில் இருக்கிறது. கேலாக்கில் (calloc) எடுத்த நினைவகத்தை ஃப்ரீயில் (free) விட்டால் கணக்கு ஏதும் கெடுமா? பல இடங்களில் பக்கத்திலேயே அப்பாவின் குறிப்பு இருக்கிறது, தொடவே பயமாக இருக்கிறது.

பதில் (தக்கலை):
கெடாது, தைரியமாக மாற்றுங்கள். சன்ஓஎஸ் போன்ற பழைய யூனிக்ஸ்களில் கேலாக்குக்கு ஜோடியாக இருந்தது சிஃப்ரீ. சி தரத்தில் அது இருந்ததே இல்லை. மேலாக், கேலாக், ரியலாக் எதில் எடுத்தாலும் விடுவது ஃப்ரீயில்தான். பழைய புரோகிராம்களுக்காக லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் (glibc) வைத்திருந்து, 2017இல் வந்த 2.26 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். உங்களிடம் இருப்பது 2.35.

கேட்டவர்:
நன்றி அண்ணா. 38 இடம் சரியாகிவிட்டது. முன்பணக் கோப்பில் மட்டும் மூன்று இடத்தில் பாயின்டர் (நினைவக முகவரி), எண்ணிக்கை, அளவு என்று மூன்று ஆர்குமென்ட் கொடுத்திருக்கிறார். அப்பா தவறிவிட்டாரா?

பதில் (நாகர்கோவில்):
தவறவில்லை தம்பி. எஸ்சிஓவில் சிஃப்ரீ மூன்று ஆர்குமென்ட் வாங்கும். ஃப்ரீக்குப் பாயின்டர் மட்டும் போதும். எவ்வளவு எடுத்தோம் என்பதை மேலாக் தானே குறித்து வைத்திருக்கும். ஆனால் எனக்கு வேறொரு கவலை. லினக்ஸில் எஸ்டிடிலிப் ஹெடர் (stdlib.h, இந்த ஃபங்ஷன்கள் எதை வாங்கி எதைத் தரும் என்று கம்பைலருக்குச் சொல்லும் கோப்பு) சேர்த்திருந்தால் அந்த மூன்று வரியும் அப்போதே கம்பைல் ஆகியிருக்காது. ஆகவே அந்தக் கோப்பில் ஹெடர் இல்லை என்று நினைக்கிறேன். ஹெடர் இல்லையென்றால் கேலாக் இன்ட் (முழு எண்) தருகிறது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். 32 பிட்டில் இன்டும் பாயின்டரும் ஒரே அளவு, ஓடிவிட்டது. 64 பிட்டில் அப்படி எடுத்துக்கொண்டால் முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டு, புரோகிராம் விழுந்துவிடலாம். முதலில் ஹெடரைச் சேர். கம்பைலர் தரும் எச்சரிக்கை ஒன்றையும் விடாமல் படி.

கேட்டவர்:
ஐயா, நீங்கள் சொன்னபடியே ஹெடர் இல்லை. சேர்த்தேன், மூன்று வரியையும் திருத்தினேன். கடைசி மூன்று மாத முன்பணத்தை ஓட்டி, அம்மா நோட்டில் எழுதி வைத்திருந்ததோடு ஒப்பிட்டேன். பைசா மாறாமல் வந்தது. அப்பாவின் குறிப்புகளை அழிக்கவில்லை, கீழே என் தேதியைப் போட்டிருக்கிறேன்.