தோஹாவில் ஒரு பகல்: வயதான பெற்றோருடன் எவ்வளவு பார்க்கலாம்?

பாளையங்கோட்டைக்காரன்:
நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பரில் அப்பாவையும் அம்மாவையும் லண்டனில் இருக்கும் தங்கை வீட்டிற்கு அழைத்துச் செல்கிறேன். திருவனந்தபுரத்தில் ஏறி, ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் கத்தார் தலைநகர் தோஹாவில் இறங்கினால், அடுத்த விமானம் நள்ளிரவுக்குப் பின்புதான். அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார், முழங்கால் வலியும் உண்டு. அம்மா சுத்த சைவம். அவ்வளவு நேரத்தையும் விமான நிலைய நாற்காலியிலேயே கழிக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. சூக் வாகிஃப் கடைத்தெரு, இரண்டு அருங்காட்சியகங்கள், கதாரா கலாச்சார கிராமம், பேர்ல் தீவு, பாலைவனச் சவாரி என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். இவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மேலப்பாளையத்தான்:
அண்ணாச்சி, நான் பல ஆண்டுகள் தோஹாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். பாலைவனச் சவாரியை முதலில் அடித்துவிடுங்கள். மணல் மேடுகளில் வண்டி ஏறி இறங்கும் குலுக்கலை வலியுள்ள முழங்கால் தாங்காது. கதாராவும் பேர்ல் தீவும் நகரின் வடக்குப் பக்கம் இருக்கின்றன. போக வரவே நேரம் சரியாகிவிடும். தேசிய அருங்காட்சியகம், சூக் வாகிஃப், கார்னிஷ் கடற்கரைச் சாலை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கம். அவற்றோடு நிறுத்திக்கொள்வதுதான் அப்பா அம்மாவுக்கு நல்லது.

வெள்ளிக்கிழமை என்பதை மறந்துவிடக் கூடாது. ஜும்மா தொழுகை முடியும்வரை நகரமே அடங்கி இருக்கும். கடைகள் சாத்தியிருக்கும், அருங்காட்சியகங்களும் பிற்பகலில்தான் திறக்கும். ஆகையால் இறங்கியதும் சூக் வாகிஃப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, குளித்துச் சாப்பிட்டு, பெரியவர்களை நன்றாகத் தூங்க வையுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முன்கூட்டியே விசா எடுக்காமல் உள்ளே போக கத்தார் அனுமதிக்கிறது என்றாலும், ஓட்டல் முன்பதிவு, மறு பயணச்சீட்டு போன்ற நிபந்தனைகள் அதற்கு உண்டு, அவை அவ்வப்போது மாறவும் செய்கின்றன. எனவே பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே விமான நிறுவனத்திடம் அன்றைய விதியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது செல்லுபடிக்காலம் மீதி இருக்க வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ உண்டு. 2019-இல் ஓடத் தொடங்கியது. சாதாரணப் பெட்டியில் ஒரு பயணத்துக்கு 2 ரியால்தான். குடும்பத்தாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது, நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. முஷைரிப் நிலையத்தில் தங்க நிறப் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையம் சூக் வாகிஃப், அதற்கடுத்தது தேசிய அருங்காட்சியகம். கையில் பை இருக்கும்போது மட்டும் டாக்சி பிடியுங்கள்.

டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் கார்னிஷில் உட்கார்ந்தால் எதிர்க்கரை மாடிக் கட்டடங்களில் விளக்கு ஏறுவதைப் பார்க்கலாம். பிறகு கடைத்தெரு. அரக்கு நிற மேல்சட்டை போட்ட முதிய சுமைக்காரர்கள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியோடு நிற்பார்கள். சந்து ஒன்றில் கண்ணை மூடித் தோல் தொப்பி மாட்டிய வல்லூறுகளை வரிசையாக உட்கார வைத்து விற்பார்கள். அம்மாவுக்குக் கொண்டைக்கடலையில் செய்த ஃபலாஃபில் கிடைக்கும். கிட்டத்தட்ட நம் பருப்பு வடைதான். குபூஸ் ரொட்டி, கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் ஹம்மூஸ் இரண்டுமே சைவம். பால் சுண்டக் காய்ச்சி ஏலம் போட்ட கரக் சாயாவையும் வாங்கிக் கொடுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை போடாமல் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆழ்வார்திருநகரி ஆசிரியை:
மேலே சொன்ன சகோதரரின் திட்டம் எனக்கு முழுக்கச் சம்மதம். தேசிய அருங்காட்சியகத்தைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் நூவெல் பாலைவன ரோஜா என்னும் படிகக் கல்லின் வடிவில் அமைத்த அந்தக் கட்டடம் 2019-இல் திறக்கப்பட்டது. உள்ளே காட்சிக் கூடங்களின் நீளம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். தரையும் பல இடங்களில் சரிவாக இருக்கும். வாசலிலேயே சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அப்பா வேண்டாம் என்று சொன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றை விரைந்து கடந்து, முத்துக்குளிப்புப் பகுதிக்குப் போய்விடுங்கள். எண்ணெய் வருவதற்கு முன்பு கத்தார் மக்கள் முத்தை நம்பித்தான் வாழ்ந்தார்கள். ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்த பின்பு, 1930-களில் அந்தத் தொழில் நொடித்துப் போனது. மூக்கில் கவ்வி மாட்டி, காலில் கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்கிய அவர்களின் கதையைப் பார்க்கும்போது, தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் கொற்கைத் துறைமுகம் அமைத்து முத்து விற்ற நமக்கு அது அந்நியமாகவே தோன்றாது. பரோடா மன்னர் கெய்க்வாட் 1865 வாக்கில் செய்வித்த முத்துக் கம்பளமும் அங்கேதான் இருக்கிறது. வளைகுடா முத்துகள் லட்சக்கணக்கில் கோத்து, வைரம், மாணிக்கம், மரகதம் பதித்த அதன் முன்னால் உங்கள் அம்மா வெகுநேரம் நின்றால் அவசரப்படுத்தாதீர்கள்.

கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகமும் சிறப்பானதுதான். ஆனால் ஒரே பிற்பகலில் இரண்டும் பெரியவர்களுக்கு ஆகாது. அதை வெளியே கார்னிஷிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

பாளையங்கோட்டைக்காரன்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். மருந்துகளையும், அம்மா தங்கைக்காக இடித்து வைக்கும் மசாலாப் பொடிகளையும் பற்றி ஏதாவது கவனிக்க வேண்டுமா?

மேலப்பாளையத்தான்:
கட்டாயம் கவனிக்க வேண்டும். கசகசா வளைகுடா நாடுகள் பலவற்றில் தடை செய்யப்பட்ட பொருள். குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் ஆபத்துதான். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், பொடி இடித்த பிறகு சொல்லிப் பயனில்லை. அல்வாவுக்குத் தடையில்லை. வலி மாத்திரைகளில் டிரமடால், இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டி, இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். எல்லா மருந்துக்கும் ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டு வேண்டும். ஒரே பயணச்சீட்டாக எடுத்தால் பெட்டி நேரே லண்டனுக்குப் போய்விடும். அதனால் இன்சுலினும் ஒரு மாற்றுத் துணியும் கைப்பையிலேயே இருக்கட்டும். தோஹா நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், ஊசி போடும் வேளையையும் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி.