ஆங்கிலேயர் வாயில் கேட்ட உவமைகள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

செவிலியர், லீட்ஸ்:

நான் இங்கே வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். முதியோர் வார்டில் இடுப்பு எலும்பு அறுவை முடிந்து மூன்று நாளான பாட்டி ஒருவர் இருந்தார். காலை மாத்திரையோடு போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ரைட் அஸ் ரெயின், லவ்" என்றார். மழையைப் போல நன்றாக இருக்கிறாராம். ஜன்னலுக்கு வெளியே நாலு நாளாக விடாத தூறல், வார்டில் எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படியிருக்க மழை எப்படி நலத்துக்கு உவமையாகும்? மூத்த செவிலியரிடம் கேட்டேன். "ரைட், ரெயின்... சொல்லிப் பார், வாய்க்குச் சுகமாக இல்லை?" என்றார்.

அன்றிலிருந்து காதில் விழுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அமைதி என்றால் கூல், அதற்குக் குக்கும்பர், அதாவது வெள்ளரிக்காய். சமர்த்துப் பிள்ளை என்றால் குட், அதற்குக் கோல்ட். துணிச்சலுக்கு போல்ட், பிராஸ் (பித்தளை). உடல் திடத்துக்கு ஃபிட், ஃபிடில் (வயலின்). செத்துப்போனதற்கு டெட், டோர்நெயில் (கதவாணி). எல்லாம் மோனை! பிரான்சிலிருந்து நார்மானியர் 1066இல் படையெடுத்து வருவதற்கு முந்தைய ஆங்கிலக் கவிதை மோனையை வைத்தே அடி கட்டியது என்று பிறகு படித்தேன். அந்த ருசி இன்னும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அதே பாட்டியிடம் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். வாக்கரை எப்படிப் பிடிப்பது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைத் தட்டி, "ஐ'ம் நாட் அஸ் கிரீன் அஸ் ஐ'ம் கேபேஜ் லுக்கிங்" என்றார். பார்க்க முட்டைக்கோஸ் மாதிரி இருந்தாலும் நான் அவ்வளவு பச்சை இல்லை என்று பொருள். பச்சை என்றால் அங்கே அனுபவம் இல்லாதவர். வட இங்கிலாந்துப் பெரியவர்கள் சொல்வது. அதற்குப் பிறகு எந்த முதியவரிடமும் நான் அந்தக் குரலில் பேசியதில்லை.

மென்பொருள் வேலை, ரெடிங்:

அக்கா, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கூட்டத்தில் வரைபடம் போட்டு விளக்கி முடித்தேன். மூத்தவர் ஒருவர், "வெல், தட்ஸ் அபவுட் அஸ் கிளியர் அஸ் மட்" என்றார். கிளியர் மட்டும் காதில் விழ, நான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மட் என்றால் சேறு. ஒன்றுமே புரியவில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். மாலையில் அவரே கூப்பிட்டு, முழுதும் மறுபடி விளக்கச் சொன்னார்.

புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: 'அஸ்'ஸுக்கு முன்னால் 'அபவுட்' வந்தால் பெரும்பாலும் எதிர்ப்பொருள்தான். டப்ளினில் டோனி வீல் என்ற கணினி ஆய்வாளர் இந்த 'அபவுட் அஸ்' உவமைகளை இணையத்திலிருந்து ஆயிரக்கணக்கில் திரட்டிப் பார்த்தார். அவற்றில் பெரும்பாலானவை நேர்ப்பொருளில் வந்தவை அல்ல. உபயோகம் இல்லாத சாமானை இங்கே சாக்லேட்டால் செய்த தேநீர்க் கெண்டி அளவுக்கு உபயோகம் என்பார்கள். வெந்நீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கிழக்கு லண்டன்:

நான் யாழ்ப்பாணம். பேக்கரி ஒன்றில் இரவு வேலை. ஒருநாள் மின்சாரம் நின்றுவிட்டது. கூட வேலை செய்யும் ஐயா, "பிளாக் அஸ் நியூகேட்ஸ் நாக்கர்" என்றார். நியூகேட்டின் நாக்கர் போலக் கறுப்பாம். நியூகேட் என்பது லண்டனின் பழைய சிறை, நாக்கர் அதன் கதவில் தட்டுகிற இரும்பு வளையம். அந்தச் சிறையை 1904இல் இடித்துவிட்டார்கள். 1907 முதல் அந்த இடத்தில் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் நிற்கிறது. ஐயா அந்தக் கதவைக் கண்டதில்லை. அம்மம்மாவிடம் கேட்ட சொல் என்றார். செக்கு மறைந்த ஊரில் நாங்களும் செக்குமாடு மாதிரி என்றுதானே கதைக்கிறோம்.

பெர்த், ஆஸ்திரேலியா:

இங்கே வேலை தலைக்கு மேல் இருந்தால் "ஃபிளாட் அவுட் லைக் எ லிசர்ட் டிரிங்கிங்" என்பார்கள். ஃபிளாட் அவுட் என்றால் முழு வேகம், தரையோடு படுத்திருப்பதும் அதேதான். ஓணான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்: உடம்பு தரையோடு தரையாக, நாக்கு மட்டும் படபடவென்று. முதல் வாரமே பிடித்துப்போன உவமை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்:

லீட்ஸ் தங்கை எழுதியதைப் படித்ததும் தொல்காப்பியத்தின் உவமவியல் நினைவுக்கு வந்தது. வினை, பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று நான்கு வழியில் உவமை தோன்றும் என்கிறது அது. மல்லிகைப்பூ மாதிரி இட்லி என்றால் கண்ணுக்கும் கைக்கும் காரணம் தெரிகிறது. ரைட் அஸ் ரெயின் இந்த நான்கில் எதிலும் அடங்காது. அதை உவமையில் தேடக் கூடாது, மோனை, எதுகை என்னும் தொடையில் தேட வேண்டும்.

அப்புறம், இதையெல்லாம் தமிழில் எப்படிச் சொல்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆங்கிலத்தின் ஒவ்வொரு காய்க்கும் நாம் ஒரு காயைத் தேட வேண்டாம். அவர்கள் 'கிரீன் அஸ் கிராஸ்' என்று புல் என்ற இன்னொரு பொருளைத் துணைக்கு அழைத்துப் பச்சையை அழுத்துகிறார்கள். நாம் அதே சொல்லை இழுத்து நீட்டிப் பச்சைப்பசேல் என்கிறோம். வெள்ளைவெளேர், செக்கச்செவேல், கன்னங்கரேல். அவர்களுக்கும் ஓசைதான் வேலை செய்கிறது, நமக்கும் அதுதான். வகுப்பில் இதைச் சொன்னால் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

செவிலியர், லீட்ஸ்:

ஐயா, நேற்று இரவுப் பணியில் இதைச் சொல்லிப் பார்த்தேன். பார்ன்ஸ்லி தாத்தா ஒருவர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், தூக்கம் வராமல் பேசிக்கொண்டிருந்தார். கன்னங்கரேல் என்ற சொல்லையும் அதன் பொருளையும் சொன்னேன். மெதுவாக இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். ரகரம் இல்லாமல், லகரத்தையும் விழுங்கி, எப்படியோ வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சுரங்கத்துக்குள்ளே விளக்கை அணைச்சா ஒரு இருட்டு வரும். அதுக்கு எங்ககிட்ட இவ்வளவு நீளமான சொல் இல்லை" என்றார். பிறகு மூன்றாம் முறை சொன்னார்.