அண்டி ஆபீஸ் வேலையில் முன்னே வளைந்த தோள் நிமிருமா?

கேள்வி: கருங்கல்காரி

அம்மாவுக்கு 49 வயது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், பருப்பின் தோல் எடுக்கும் வேலை. இரண்டு தோளும் முன்னே விழுந்து, பிடரிக்குக் கீழே முதுகு கூனிவிட்டது. ரவிக்கையின் முதுகு மேலே ஏறிக்கொள்கிறது என்று தைக்கிற அக்காகூடச் சொன்னார். அதுகூடப் பரவாயில்லை. கொடியில் துணி போடக் கையைத் தூக்கினால் வலது தோளின் முன்பக்கம் பிடித்துக்கொள்கிறது. தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் பெல்ட்டை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? இந்த வயதில் பயிற்சி பலன் தருமா? வேலையை விடச் சொல்லாதீர்கள், முடியாது.

பதில்: தக்கலை பிசியோதெரபிஸ்ட்

மக்களே, “நிமிர்ந்து உட்கார்” என்று அம்மாவிடம் இனிச் சொல்லாதே. பாவம், சொன்னதும் நிமிர்வார், கொஞ்ச நேரத்தில் பழையபடி வளைவார். அது அசட்டை அல்ல. முன்பக்கத் தசை குறுகிவிட்டது, பின்பக்கத் தசைக்குத் தாங்க வலுவில்லை.

தோல் எடுக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கும், கண் பருப்பில் இருக்கும், கத்தி நுனி மட்டும் ஓடும். தோள் அசையவே அசையாது. நெஞ்சின் மேல்புறம், 3 முதல் 5 வரையிலான விலா எலும்புகளில் தொடங்கித் தோள்பட்டை எலும்பின் முன்முனையைப் பிடித்திருக்கும் சிறு தசை ஒன்று உண்டு. பெக்டோரலிஸ் மைனர் என்போம். கையைத் தூக்கும்போது தோள்பட்டை எலும்பு மேல்நோக்கிச் சுழன்று பின்னால் சாய வேண்டும். அந்தத் தசை இறுகிப்போனால் எலும்பைச் சாயவிடாது. மூட்டின் மேல்கூரைக்கு அடியில் போகும் தசைநாண் நெருக்கப்படும். கொடியருகே பிடிப்பது இதனால் இருக்கலாம்.

முதலில் இரண்டைப் பார். அம்மாவைப் பாயில் மல்லாந்து படுக்க வை. கூன் தரையோடு படிந்தால் நல்லது. படியாமல் விறைத்தே நின்றால் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்ந்து நொறுங்கியும் கூன் விழும், உயரம் குறைந்திருக்கிறதா என்று கவனி. அடுத்து, அம்மா கையைத் தளர்த்திவிட்டிருக்க நீ தூக்கிப் பார். நீ தூக்கியும் பாதியில் நின்றுவிட்டால் தோள் இறுகல் நோயாக இருக்கலாம். அது சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும், சர்க்கரையையும் பார்த்துவிடு.

இரண்டும் சரி என்றால் பயிற்சிக்கு வருவோம். வாசல் நிலையில் முன்கையை ஊன்றி, முழங்கை தோள் உயரத்துக்குச் சற்று மேலே இருக்க, ஒரு காலை முன்வைத்து மெல்லச் சாயச் சொல். நெஞ்சு இழுபட வேண்டும், தோள் மூட்டு வலிக்கக் கூடாது. 30 விநாடி, மூன்று முறை, தினமும். பிறகு சுவரில் இரு கையையும் ஊன்றி, முழங்கை மடங்காமல் சுவரைத் தள்ளி முதுகைப் பின்னால் அனுப்ப வேண்டும். தோள்பட்டை எலும்பை விலாவோடு அணைத்துப் பிடிக்கும் தசைக்கு இது நல்லது. பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையைப் பின்னால் இழுக்கும் பயிற்சி 10 முதல் 15 தடவை, இரண்டு சுற்று, வாரத்தில் மூன்று நாள். ஆறேழு வாரம் பொறுத்தால் கை தூக்குவதில் வித்தியாசம் தெரியும். கூன் முழுக்க மறையும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். வலியில்லாமல் கை உயர்ந்தால் போதும், அதுதான் நமக்கு வேண்டும்.

பெல்ட் கட்டினால் தோள் பின்னால் நிற்கும், ஆனால் தசை வேலை செய்யாது. அந்தக் காசை வைத்துக்கொள்.

பதில்: மார்த்தாண்டம் தையல்காரர்

தங்கச்சி, எனக்கும் இதே தொந்தரவு இருந்தது. பட்டைக்கு அலைய வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டினேன், நன்றாக உழைக்கிறது. விரிசல் இருந்தால் மட்டும் எடுக்காதீர்கள், முகத்தில் அடிக்கும். இழுக்கும்போது தோள் காதுப் பக்கம் ஏறக் கூடாது என்று எனக்குப் பயிற்சி தந்தவர் திரும்பத் திரும்பச் சொல்வார். மெஷின் முன்னால் இருக்கையையும் உயர்த்தினேன். அம்மா உட்காரும் பலகை எவ்வளவு உயரம்?

கருங்கல்காரி

பலகை ஒரு சாண்கூட இல்லை அண்ணா. படுக்க வைத்தபோது கூன் படிந்தது அக்கா. நான் தூக்கினால் கையும் முழுக்க உயர்கிறது. ஆனால் இரவில் வலது கை விரல்கள் மரக்கின்றன என்று இப்போதுதான் சொல்கிறார்.

தக்கலை பிசியோதெரபிஸ்ட்

மரப்பு இருந்தால் முதலில் மருத்துவர் பார்க்கட்டும் மக்களே. கழுத்து நரம்பாகவும் இருக்கலாம், நாள் முழுக்கக் கத்தி பிடிப்பதால் மணிக்கட்டு நரம்பாகவும் இருக்கலாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டு. எந்த விரல்கள் மரக்கின்றன என்று அம்மாவைக் கவனித்துச் சொல்லச் சொல். பெருவிரல் பக்கமா, சுண்டுவிரல் பக்கமா என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். அதுவரை சுவரைத் தள்ளுவது மட்டும் போதும், மரப்பு கூடினால் அதையும் நிறுத்து. பலகையை நாளைக்கே உயர்த்து, பருப்புத் தட்டையும் கூடவே உயர்த்து. தட்டு கீழே இருந்தால் பலகை உயர்ந்து பயனில்லை, இன்னும் குனிவார்.