அனிதா கல்யாணம் – கொடைக்கானல் வேன் குழு

13 அக்டோபர் 2025

செல்வம்: வேன் மலையேற இ-பாஸ் இன்றே போட வேண்டும். வேனில் யார் யார்? நவம்பர் 17 காலை 10.30க்கு சலேத் மாதா கோவிலில் பூசை. அப்புறம் மூஞ்சிக்கல் மண்டபத்தில் சாப்பாடு.

கோமதி சித்தி: நாங்கள் மூன்று பேர். எனக்கு ஜன்னலோரம். வாந்தி வரும்

பாபு: சித்திக்கு இரண்டு கவர் 😂

செல்வம்: பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம். 5 லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டில் இருந்தால், ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி.

செல்வம்: பெரியப்பா, நீங்கள்?

மல்லிகா அத்தை: நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்

பெரியப்பா: யமுனா, நீ பத்திரிகைக்காரி. டெல்லி செய்தியைப் பார்த்தாயா? தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாகி 10ஆம் தேதி ஆப்கன் தூதரகத்தில் நிருபர்களைச் சந்தித்தார். பெண் நிருபர்களை உள்ளேயே விடவில்லை. எல்லோரும் கொதித்த பிறகு நேற்று மறுபடி கூப்பிட்டார். அந்தப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, அன்றைக்கு ஏன் விடவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவகாசம் இல்லை, பட்டியல் சின்னது என்று மழுப்பினார். பெண் பிள்ளைகள் படிப்பைக் கேட்டால், ஹராம் என்று சொல்லவில்லை, மறு உத்தரவு வரை தள்ளிவைத்திருக்கிறோம் என்கிறார். அங்கே ஆறாம் வகுப்போடு சரி.

கோமதி சித்தி: 🙏

செல்வம்: பெரியப்பா, வேன்

பெரியப்பா: இரு. 1979இல் ஒரியானா ஃபலாச்சி என்ற இத்தாலிக்காரி கோம் நகரில் ஈரான் தலைவர் கொமேனியைப் பேட்டி எடுத்தார். பெண்கள் தலை முதல் கால் வரை மூடும் சாதர் ஏன் போட வேண்டும் என்று கேட்டார். பிடிக்காவிட்டால் போடாதே என்றார் அவர். அந்த அம்மாள் அங்கேயே கழற்றிவிட்டார். கொமேனி எழுந்து போய்விட்டார். ஆனால் பிறகு மறுபடி உட்கார்ந்து பேசத்தான் வேண்டியிருந்தது!

யமுனா: ஃபலாச்சி விமானம் ஏறி வீட்டுக்குப் போனார், பெரியப்பா. உள்ளூர்க்காரர் கேட்டால் கதை வேறு. 2022இல் ஈரானில் முக்காடு சரியில்லை என்று பிடித்துப்போய்க் காவலில் இறந்த மஹ்சா அமினியின் செய்தியை வெளியே கொண்டுவந்த நிருபர்கள் நிலூஃபர் ஹமேதி, எலாஹே முகமதி இருவரும் ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார்கள்.

பெரியப்பா: சரிதான். பஹாய் மதத்துக்காரர்களையும் சேர்த்துக்கொள். ஈரான் நாடாளுமன்றத்தில் 290 இடம். கிறிஸ்தவர், யூதர், ஜொராஸ்திரியர் மூவருக்குமாக 5 ஒதுக்கியிருக்கிறார்கள். பஹாய்களுக்கு அதுவும் இல்லை, பல்கலைக்கழகத்திலும் இடமில்லை. மதத்தைச் சொல்லி ஒருவனை வாசலில் நிறுத்துவது எவ்வளவு பெரிய அநியாயம்!

யமுனா: வாசல் என்றதும் ஒரு கேள்வி. 17ஆம் தேதி நீங்கள் கோவிலுக்குள் வருகிறீர்களா, மண்டபத்துக்கு மட்டுமா?

பாபு: 🔥🔥

கோமதி சித்தி: யமுனா, சும்மா இரு

ஜோசப் மாமா: 98இல் எங்கள் கல்யாணத்துக்கு மச்சான் மலைக்குக் கீழே வத்தலக்குண்டு வரை வந்தாரே 😊

மல்லிகா அத்தை: பழசு எதற்கு இப்போது

பெரியப்பா: அன்று உண்மையிலேயே பஸ் ரிப்பேர்.

பாபு: அப்பா, பட்டியல் சின்னது என்பது மாதிரியே இருக்கிறது

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோமதி சித்தி: நீக்கியதை யாராவது படித்தீர்களா

ஜோசப் மாமா: சைவத்துக்குத் தனி அடுப்பு சொல்லிவிட்டேன் மச்சான். பாத்திரமும் தனி.

கோமதி சித்தி: மல்லிகா, மலைப்பூண்டு இப்போது கிலோ என்ன விலை? எனக்கு இரண்டு கிலோ எடுத்து வை

மல்லிகா அத்தை: அக்கா, கல்யாண வேலைக்கு நடுவிலா

யமுனா: பெரியப்பா, கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

பெரியப்பா: பூசை எவ்வளவு நேரம்?

ஜோசப் மாமா: ஒரு மணி நேரம்தான். பின்பக்கம் நாற்காலி போடச் சொல்கிறேன்.

மல்லிகா அத்தை: பின்பக்கம் எதற்கு? பெண்ணுக்குப் பெரியமாமா அவர். முன்னால்தான்.

செல்வம்: 14ஆ 15ஆ? சொல்லுங்கள், இ-பாஸ் தளம் திறந்தே இருக்கிறது

பெரியம்மா: 15 போடு. அவர் ஸ்வெட்டரை வெயிலில் காயப்போட்டிருக்கிறேன்

பெரியப்பா: நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

செல்வம்: 15 போட்டாயிற்று. வண்டி 14 சீட்டுதான், யாராவது ஒருவர் அரசு பஸ்ஸில் வாருங்கள்