குடியாத்தம் வரைகூட எட்டாத குரல்

வேலூர் காந்தி ரோட்டில் சிறிய தங்கும் விடுதி ஒன்றை நடத்தி வருகிறேன். 2017 டிசம்பர் 7-ஆம் தேதி, ஒக்கிப் புயலில் காணாமல் போன மீனவர்களைத் தேடக் கோரி ஆயிரக்கணக்கானோர் கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அன்று நாகர்கோவிலிலிருந்து வரவிருந்த ஒரு குடும்பம் அறையை ரத்துசெய்தது. புயல் வருமென்று தெரிந்தும் கடலுக்குப் போனால் யார் என்ன செய்ய முடியும் என்று நானும் சலித்துக்கொண்டேன்.

அடுத்த பிப்ரவரியில், அதே மாவட்டத்தின் மீனவ ஊரான வள்ளவிளையைச் சேர்ந்த ஒருவர், தாயாரின் சிகிச்சைக்காக வந்து பதினோரு நாள் தங்கினார். பதிவேட்டில் தொழில் என்ற கட்டத்தில் ‘தங்குகடல்’ என்று எழுதினார். பாலாற்றில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்கக் கூடுகிற ஊர்க்காரனான எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. மாதக் கணக்கில் கடலிலேயே தங்கிச் சுறாவும் சூரையும் பிடிக்கும் தொழில் அது என்று விளக்கினார்.

தெரிந்தே போனார்கள் என்ற என் பேச்சை அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தாழ்வு மண்டலம் உருவானது நவம்பர் 29. மறுநாள் காலையே அது புயலாகிவிட்டது. அவர்களுடைய விசைப்படகுகளோ அதற்குப் பல நாள் முன்பே கிளம்பி, கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அரபிக்கடலில் நின்றன. படகிலிருக்கும் வயர்லெஸ் இருபது, முப்பது கிலோமீட்டருக்கு மேல் கேட்காது என்றார். காட்பாடியில் நின்று பேசினால் குடியாத்தம் வரைகூட எட்டாத அந்தக் குரலை நம்பித்தான் அத்தனை பேரும் போயிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டது. டீசல், ஐஸ், அரிசி என ஒரு பயணத்துக்கே சில லட்சம் ஆகிறது. அந்தப் பணத்தைக் கொச்சியில் மீனை ஏலம் விடும் தரகரிடம் முன்பணமாக வாங்கிவிட்டு, பாதி ஐஸ் பெட்டி காலியாகத் திரும்பினால் கடன் அடுத்த பயணத்தின் தலையில் ஏறும். ஆட்களுக்குச் சம்பளம் கிடையாது, செலவு போக மிஞ்சுவதில் பங்குதான். பங்கு வெளியே போகாமலிருக்க அண்ணன், தம்பி, மைத்துனர் என ஒரே வீட்டார் ஒரே படகில் ஏறுகிறார்கள். அவருடைய தங்கையின் கணவரும் அந்தக் கணவரின் தம்பியும் அப்படித்தான் சேர்ந்து போய்த் திரும்பவில்லை. தாயார் படுத்துவிட்டதால் இவர் மட்டும் அந்த முறை ஏறவில்லை.

காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டப்படி ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த விதியைத் தளர்த்தி அரசு 20 லட்சம் ரூபாய் அறிவித்ததையும் சொன்னார்.

கிளம்பும் நாளில் அறைக்குக் கட்டியிருந்த முன்பணத்தின் மீதியை எண்ணி வாங்கிக்கொண்டு, மாதக் கடைசியில் கொச்சியிலிருந்து மறுபடி படகு ஏறப்போவதாகச் சொன்னார். தங்கை கணவர் வாங்கிய படகுக் கடன் பத்திரத்தில் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தாராம்.